மூன்றாம் சிலிண்டரைக் கேளுங்கள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே போர்ஷே 944 என்ற ஸ்போர்ட்ஸ் கார் மேல் அவருக்கு ஆசை. அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கிறார். வாசகர் அவரை 'மாமா' என்றே கூப்பிடுகிறார். அந்த மாமாவிடம் 1986 மாடல் 944 ஒன்று மூன்று வருஷமாகக் கராஜில் நிற்கிறது. டர்போ இல்லாத 2.5 லிட்டர், எட்டு வால்வு இன்ஜின். விலை சந்தையைவிடக் குறைவு. கம்பெனி ஆள் இல்லை, தனிப்பட்ட விற்பனை.

போன மாதம் அங்கே ஒரு மெக்கானிக் வேறொரு பேட்டரியை இணைத்து, குளிர்ந்த இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை இறுக்கும் அழுத்தம், பார்த்திருக்கிறார். முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 9.6, 9.5, 8.1, 9.7 பார் (அழுத்தத்தின் அளவு). வாசகரின் டர்பன் மெக்கானிக் நண்பர், "11.5க்குக் கீழே போனால் இன்ஜின் தேய்ந்துபோச்சு என்று அர்த்தம்" என்கிறார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டேங்க் மூடியைத் திறந்தால் பால் காபி மாதிரி பழுப்பு நுரை. "ஹெட் கேஸ்கெட் போச்சு, பிளாக்கே விரிசல் விட்டிருக்கும்" என்பதும் அதே நண்பரின் தீர்ப்பு. (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) பிஸ்டன்களும் வால்வுகளும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் 2018இல் மாற்றியது, அதற்குப் பிறகு 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆகவே 'புதுசு மாதிரி' என்று மாமா சொல்கிறார். தம்பி முறைக்காரர் ஒருவரோ, "ஃப்ளஷ் ஊற்றி, ஜம்ப் கொடுத்து, சனிக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்" என்கிறார்.

வாசகரின் கேள்விகள் மூன்று. இன்ஜின் கெட்டுவிட்டதா? சாலையில் ஓட்டத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வாங்கித் தருவதாக மாமா சொல்கிறார், அது போதாதா? பின்னால் கோளாறு தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாமா? கூடவே ஒரு சங்கடம்: மாமாவிடம் 'சோதனை பண்ணணும்' என்று சொன்னால் அவர் மனம் புண்படுமோ என்று தயங்குகிறார்.

அன்புத் தம்பிக்கு,

கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே குறித்து, எண்களை விடாமல், டேங்க், ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக் இரண்டின் படங்களையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. அதனால்தான் இவ்வளவு திட்டமாகப் பதில் எழுத முடிகிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பயமுறுத்திய இரண்டும், அதாவது குறைந்த கம்ப்ரஷனும் பழுப்பு நுரையும், நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டியவை அல்ல. உங்களுக்குத் தைரியம் கொடுத்த 'புதுசு மாதிரி' பெல்ட்டுதான் இந்தக் காரில் ஆகப் பெரிய ஆபத்து. நடுவில் யாருமே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அது மூன்றாம் சிலிண்டரின் 8.1.

கம்ப்ரஷன் எண்களை எப்படிப் படிப்பது

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 0.83 பார். டர்பனில் 1.01. பிஸ்டன் இறுக்குவது உள்ளே வந்த காற்றைத்தான். வந்த காற்றே மெலிந்திருந்தால் கேஜில் எண்ணும் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அங்கே 9.7 காட்டும் அதே சிலிண்டர் டர்பனில் ஏறக்குறைய 11.8 காட்டும். உங்கள் நண்பர் கடற்கரை ஊரில் வேலை பார்த்துப் பழகியவர். அவர் சொன்ன 11.5 டர்பனுக்குச் சரியான அளவுகோல்தான், லெனேசியாவுக்குப் பொருந்தாது. தவிர, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுத்த எண்கள் இவை. இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்தாரா என்றும் தெரியவில்லை. குளிர்ந்த இன்ஜினும் திறக்காத த்ராட்டிலும் எண்களை இன்னும் கீழே இழுக்கும்.

எனவே 9.5, 9.6, 9.7 மூன்றும் நல்ல எண்கள். ஒன்றோடொன்று ஒட்டியும் நிற்கின்றன. ஆனால் 8.1? உயரம் நாலு சிலிண்டருக்கும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். ஆக இந்தக் குறைவுக்கு ஊரைக் காரணம் சொல்ல முடியாது. அதிகபட்ச எண்ணைவிட 16 சதவீதத்துக்கு மேல் குறைவு. பத்து, பதினைந்து சதவீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

காரணம் சின்னதாகவும் இருக்கலாம். கார் நின்றபோது மூன்றாம் சிலிண்டரில் ஒரு வால்வு திறந்த நிலையில் இருந்திருந்தால், மூன்று வருஷ ஈரத்தில் அதன் சீட்டில் மெல்லிய துரு படிந்து சரியாக மூடாமல் போகும். பிஸ்டன் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவை ஓடினால் ஓரளவு சரியாவதும் உண்டு. பெரிய காரணங்களும் உண்டு: எரிந்த எக்ஸாஸ்ட் வால்வு, லேசாக வளைந்த வால்வு, கோடு விழுந்த சிலிண்டர் சுவர், அந்த இடத்தில் கேஸ்கெட் கசிவு. கம்ப்ரஷன் கேஜ் 'காற்று போகிறது' என்பதோடு நின்றுவிடும். எங்கே போகிறது என்பதைச் சொல்ல, சிலிண்டருக்குள் காற்றை அழுத்திவிட்டுக் கசிவை அளக்கும் லீக்டவுன் சோதனை வேண்டும். உங்கள் பணத்தில் முதல் செலவு அதற்குத்தான்.

லீக்டவுன் சோதனை

இதற்கு 944 தெரிந்த, மாமாவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை ஜோகன்னஸ்பர்க்கிலேயே பேசி வையுங்கள். அவரிடம் ஏர் கம்ப்ரஸரும் இரண்டு கேஜ் உள்ள லீக்டவுன் டெஸ்டரும் இருக்க வேண்டும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று வரிசைப்படி ஓர் அட்டையில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பிளக் மட்டும் எண்ணெய் ஈரமாக இருந்தால் ரிங் பக்கம் சந்தேகம். மற்றவை பழுப்பாக இருக்க அது ஒன்று மட்டும் நீராவியில் கழுவினதுபோல் வெளுத்திருந்தால் கேஸ்கெட் பக்கம்.

இந்த இன்ஜினின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் முறை, 1-3-4-2. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்றாவது உச்சிக்கு வரும். கிராங்க் போல்ட்டில் 24 மி.மீ. சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்க்கையில் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். திருப்பிச் சுற்றினால் பெல்ட் தளர்ந்து பல் தாவலாம். எங்காவது கட்டியாக முட்டினால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காற்றை உள்ளே விட்டதும் அது பிஸ்டனைக் கீழே தள்ளப் பார்க்கும். ஆகவே சாக்கெட்டின் கைப்பிடியை ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும், விரல்களைப் பெல்ட் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். த்ராட்டில் வாயில் 'ஸ்ஸ்' என்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். கூலன்ட் டேங்கில் முத்து முத்தாகக் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது விரிசல். பத்து சதவீதத்துக்குள் கசிவு என்றால் நன்று. இருபது வரை, குளிர்ந்த இன்ஜினில், ஏற்றுக்கொள்ளலாம். முப்பதைத் தாண்டினால் ஹெட்டைக் கழற்றாமல் விடை கிடைக்காது.

சிலர் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்க்கச் சொல்வார்கள். இந்த இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அந்தச் சோதனையை இங்கே அதிகம் நம்ப வேண்டாம்.

பிளக் கழற்றிய கையோடு போரஸ்கோப் கேமராவையும் உள்ளே விடச் சொல்லுங்கள். 944இன் பிளாக் சிலிக்கான் கலந்த அலுமினியம், உள்ளே இரும்பு லைனர் கிடையாது. பிஸ்டன் நேரடியாக அந்தச் சுவரிலேயே உரசுகிறது. சாதாரண இன்ஜின் போரிங் கடையில் ஹோன் பண்ணி, ஓவர்சைஸ் ரிங் போட்டு முடிக்கிற வேலை இதில் செல்லாது. அதனால் சுவரில் மேலிருந்து கீழாகத் தெளிவான கோடுகள் தெரிந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் இந்தக் காரை விட்டுவிடுங்கள். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தடம் தெரிந்தால் வால்வு ஒரு காலத்தில் இடித்திருக்கிறது என்று பொருள்.

பழுப்பு நுரை

டேங்கில் ஆயில் கலந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 944இல் ஆயில் கூலன்ட்டோடு கலக்க ஹெட் கேஸ்கெட்டைவிடச் சர்வசாதாரணமான வழி ஒன்று உண்டு. ஆயில் ஃபில்டர் மாட்டியிருக்கும் ஹவுசிங்குக்குள், கூலன்ட்டால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் வயதாகிக் கெட்டித்துப்போய்ச் சுருங்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 4, 5 பார் வரை போகும். கூலன்ட் அழுத்தம் 1 பாரை ஒட்டித்தான். அழுத்தம் கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தானே கசியும்? ஆகவே கூலன்ட்டில் ஆயில் சேரும், ஆயிலில் தண்ணீர் சேராது. நீங்கள் அனுப்பிய டிப்ஸ்டிக் படத்தில் ஆயில் கறுப்பாக, நுரையில்லாமல் இருப்பது இதோடு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகிறது என்றுதான் சொல்கிறேன், உறுதி என்று சொல்லவில்லை. உறுதிக்கு இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன லீக்டவுனில் டேங்கில் குமிழி வருகிறதா என்பது. இன்னொன்று சுலபம். மூன்று வருஷம் அசையாமல் நின்ற காரில், ஆயிலுக்குள் தண்ணீர் போயிருந்தால் அது இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில் தங்கியிருக்கும். போன மாதம் ஸ்டார்ட்டரில் சுற்றியது கலக்கியிருந்தாலும் திரும்ப அடியில் இறங்கியிருக்கும். அடிப் பிளக்கை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் அரைக் கோப்பையை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முதல் சொட்டே ஆயிலாக இருந்தால் நல்ல சேதி. முதலில் தண்ணீர் வந்து அப்புறம் ஆயில் வந்தால், பேரிங்குகள் ஈரத்தில் ஊறியிருக்கின்றன. அப்போது நுரைக்குக் காரணம் எது என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும்.

சீல்தான் காரணம் என்றால் வேலை பெரிதல்ல, ஆனால் பொறுமை வேண்டும். அந்த ஹவுசிங் வழியாக, அதிக ஆயில் அழுத்தத்தைத் தணிக்கும் ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வு நுழைகிறது. மூடும்போது அது நட்ட நடுவில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொண்டு ஆயில் அழுத்தத்தையே கெடுக்கும். நடுவில் நிறுத்துவதற்கென்றே ஒரு சிறப்புக் கருவி உண்டு. அது இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிறகு கூலன்ட் பாதை முழுவதையும் பலமுறை கழுவ வேண்டும், ஆயில் பட்டு ஊறிப்போன ஹோஸ்களை மாற்ற வேண்டும். வெறும் ஃப்ளஷ் ஊற்றினால் டேங்க் ஒரு வாரம் சுத்தமாக இருக்கும், சீல் கசிந்துகொண்டே இருக்கும்.

பெல்ட்

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தம்பி. 944இல் டைமிங் பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ பிஸ்டன் நேராக வந்து திறந்த வால்வில் இடிக்கும். ரப்பருக்கு வயது வருஷத்தில்தான், கிலோமீட்டரில் மட்டும் இல்லை. இந்த இன்ஜினோடு பழகியவர்கள் நாலு வருஷத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நம்ப மாட்டார்கள். 2018 பெல்ட்டுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதோடு, ஒரே நிலையில் மூன்று வருஷம் பல்சக்கரத்தில் மடங்கி நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, பளிச்சென்று இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போன மாதம் ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது நிம்மதி. அந்தச் சோதனையை மறுபடி செய்யச் சொல்ல வேண்டாம்.

முன்பக்கத்தில் பெல்ட் ஒன்றல்ல, இரண்டு. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளைச் சுற்றும் இரண்டாவது பெல்ட் அறுந்தால், அதன் துண்டு டைமிங் பெல்ட்டில் சிக்கி அதையும் இழுத்துவிடும். வாட்டர் பம்ப் சுற்றுவதும் டைமிங் பெல்ட்டால்தான். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் போச்சு. ஆகவே மாற்றும்போது இரண்டு பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாம் ஒரே தடவையில். 1986 மாடலில் டென்ஷன் கையால் வைப்பது, தானாக இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் 1987இல்தான் வந்தது. எனவே கேஜ் வைத்து அளந்து வைக்க வேண்டும், சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அளக்க வேண்டும். அதிகமாக இறுக்கினால் பம்ப் பேரிங் போகும், தளர்ந்தால் பல் தாவும்.

லெனேசியாவில் டைமிங் குறிகளை மட்டும் சரிபார்க்கலாம். ஃப்ளைவீலில் 'ஓ.டி.' என்று பொறித்த கோடு பெல் ஹவுசிங் துளையில் தெரியும்போது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் கழற்றினால் கேம் சக்கரத்தின் குறி பின்மூடியின் குறியோடு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தால் நாலு சிலிண்டரும் ஒன்றுபோலக் குறைவாகக் காட்டும். உயரத்தால் வரும் குறைவும் அப்படியேதான் தெரியும் என்பதால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பேரிங்

இந்த இன்ஜின்களில் முதலில் போவது பெரும்பாலும் இரண்டாம் சிலிண்டரில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங். ஆயில் குறைவாக இருக்கும்போதோ நீண்ட வளைவுகளை வேகமாக எடுக்கும்போதோ ஆயிலில் காற்று கலந்து அந்தப் பேரிங்குக்கு எண்ணெய்ப் பசை கிடைக்காமல் போகும். கியாலாமி பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குக் கொண்டுபோனாரா என்று மாமாவிடம் சாதாரணமாகக் கேளுங்கள். கம்ப்ரஷனும் லீக்டவுனும் இந்தப் பேரிங்கைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பழைய ஆயில் ஃபில்டர் சொல்லும். அதைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடித்த காகிதத்தை விசிறிபோல் விரித்து வெயிலில் பாருங்கள். ஒன்றிரண்டு பொடி மினுக்கினால் பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டாத, நகத்தால் அழுத்தினால் நசுங்குகிற வெள்ளிச் செதில்களோ செம்பு நிறச் செதில்களோ மடிப்புக்கு மடிப்பு இருந்தால் பேரிங் உரிகிறது.

மாமாவிடம் எப்படிக் கேட்பது

போகும்போது ஆறு லிட்டர் 20டபிள்யூ50 ஆயிலும் ஒரு புது ஃபில்டரும் எடுத்துக்கொண்டு போங்கள். "மாமா, வாங்குறேனோ இல்லையோ, நின்ன வண்டிக்கு ஆயில் மாத்திக் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். ஜாடிச் சோதனையும் ஃபில்டர் சோதனையும் அதிலேயே முடிந்துவிடும், அவருக்கும் லாபம். பெல்ட் பில் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மேல் உள்ள பிரியத்தில் அவர் அதைச் செய்துவிடுவார். இத்தனை கேட்டதற்கே அவர் வருத்தப்பட்டால், பின்னால் இன்ஜின் போய் இரண்டு குடும்பமும் பேசாமல் இருப்பதைவிட அந்த வருத்தம் சின்னது.

சான்றிதழும் சட்டமும்

ரோட்வொர்த்தி சான்றிதழ் பெயர் மாற்றத்துக்கு அவசியம். ஆனால் அங்கே பார்ப்பது பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, கசிவு போன்ற பாதுகாப்பு விஷயங்கள். சிலிண்டருக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அது இன்ஜினுக்கு உத்தரவாதம் ஆகாது.

நீங்கள் கேட்ட ஆறு மாத உரிமை 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. அது வியாபாரமாகக் கார் விற்பவரிடம் வாங்கும்போதுதான் பொருந்தும். தன் சொந்தக் காரை ஒரு தடவை விற்கிற மாமாவுக்குப் பொருந்தாது. அவர் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே என்று எழுதி விற்றால் மறைந்திருக்கும் கோளாறும் உங்கள் பொறுப்பு. தெரிந்தே மறைத்திருந்தால் மட்டும் அந்த வார்த்தை அவரைக் காக்காது. ஆனால் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நுரையைப் பற்றியும் கம்ப்ரஷனைப் பற்றியும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கைமாறும் தொகை பெரிது என்றால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பிளாக்கில் பொறித்த இன்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் போலீஸ் கிளியரன்ஸ் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது.

முடிவு எடுக்கும்போது

சுவரில் கோடு, ஃபில்டரில் செதில், சம்ப்பில் தண்ணீர். இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். மூன்றும் இல்லை, மூன்றாம் சிலிண்டரில் வால்வு வழியாகத்தான் கசிகிறது என்றால், ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்கும் செலவு, ஆயில் கூலர் சீல், பெல்ட் வேலை முழுவதும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி விலையில் கழித்துப் பேசுங்கள். ஹெட் கழற்றினால் கேஸ்கெட்டும் புதிதாகிவிடும். சம்ப்பையும் இறக்கி ராட் பேரிங்குகளை மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, அதற்கு இன்ஜினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. மூன்றாவதில் கசிவு இருபது சதவீதத்துக்குள் நின்றால், ஹெட்டைத் தொடாமல் மற்றதை முடித்து ஓட்டிவிட்டு, டர்பனில் சூடான இன்ஜினில் மறுபடி அளக்கலாம். அப்போது 11.5 என்ற உங்கள் நண்பரின் எண்ணையே அளவுகோலாக வையுங்கள்.

எப்படியானாலும் என்3 நெடுஞ்சாலை வழியாக 570 கிலோமீட்டர் ஓட்டி வரும் யோசனையை விட்டுவிடுங்கள். வயதான பெல்ட், ஆயில் கலந்த கூலன்ட், டேங்கில் மூன்று வருஷப் பழைய பெட்ரோல், விரிசல் விட்டிருக்கக்கூடிய பெட்ரோல் ஹோஸ்கள். இவற்றோடு வான் ரீனன் கணவாயில் இறங்குவது காருக்கும் உங்களுக்கும் ஆபத்து. ட்ரெயிலரில் ஏற்றி, பக்கியில் (பிக்அப் வண்டி) இழுத்து வாருங்கள். வந்தபிறகு இன்ஜின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் டி.எம்.இ. ரிலேயைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பெட்ரோல் பம்பும் ஓடாது, ஸ்பார்க்கும் வராது. ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஆகவே பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். கார் வந்த செய்தி கேட்டுத் தெருவே பார்க்க வரும். வருகிறவர்கள் எல்லாரும் "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டு" என்பார்கள். புதுப் பெல்ட் மாட்டும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.